ஆறாம் நம்பர் அச்சு

சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்காதீர்கள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம் என்னைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

இது யாரோ கட்டிவிட்ட கதை கிடையாது. ஜான்சியே என் எதிரில் உட்கார்ந்து சொன்னது. சொல்லி முடிக்கும்வரை மேசையில் வைத்த தண்ணீர் டம்ளரை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். ஒரு வாய் குடிக்கவில்லை. கம்பெனி பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. நடுராத்திரி, சுடுகாடு, வெள்ளைச் சேலை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கணும். இது பட்டப்பகலில், கண் கூசும் உச்சி வெயிலில் நடந்தது.

ஜான்சி மரக்காணத்துக்காரி. வேலை பெரிய முதலியார்சாவடியில், ஒரு சின்ன கம்பெனியில். உப்பளம், இறால் குட்டை, குடிநீர் நிலையம் ஆகிய மூன்று இடங்களிலும் தண்ணீர் இழுக்கிற மோட்டார்களைப் போனிலேயே ஓட்டவும் நிறுத்தவும் வசதி செய்து கொடுக்கிற கம்பெனி அது. மோட்டார் இங்கே ஓடும். அதை ஆட்டிவைக்கிற சர்வர் எங்கோ இருக்கும். எந்த மோட்டார், எப்போது ஓடணும், கோளாறு என்றால் யாருக்குத் தகவல் போகணும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் புரிகிற 'கோட்' ஆக எழுதி வைப்பார்கள். எழுதியதை ஓட்டினால் சர்வரில் எல்லாம் தானாக அமைந்துவிடும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இடத்துக்கு ஒன்றாக இருந்த மூன்று டீமும் ஒரே வேலையைத் தனித்தனியாக எழுதி வைத்திருந்தன. உப்பு டீம் இன்னும் மோசம். பக்கத்துப் பக்கத்து வரப்பில் நிற்கிற மோட்டார்கள்தான், ஆனால் ஒன்றுக்கு எழுதியது மாதிரி இன்னொன்றுக்கு இல்லை. வேண்டுமென்றே மாற்றி மாற்றி எழுதியது போல இருந்தது. எழுதியவன் சரவணகுமார். போன வருஷமே வேலையை விட்டுப் போய்விட்டான். அவன் கோடைத் திறந்து பார்த்தபோது, பத்து நாள் கழுவாத பாத்திரம் குவிந்த சிங்க்கைப் பார்த்தது மாதிரி ஜான்சிக்கு முகம் சுளித்தது. கருமம், மனுஷன் எழுதுகிற எழுத்தா இது?

"எல்லாத்தையும் ஒரே மாட்யூலா பண்ணிடு ஜான்சி. மூணு டீமும் அதையே எடுத்துக்கட்டும்" என்றார் மேனேஜர் புருஷோத்தமன்.

மாட்யூல் என்றால் பெரிய விஷயம் இல்லை. கிணற்றுக்கு இறக்குகிற சிமென்ட் உறையை ஒரே அச்சில் வார்ப்பார்கள் இல்லையா, அதுதான். அச்சு சரியாக இருந்தால் உறை அத்தனையும் சரியாக இருக்கும். புதிதாக மோட்டார் வைக்கிறவன் அச்சை எடுப்பான், பெயரை மாற்றுவான், ஓட்டுவான். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அச்சுக்கு ஒரு மாதிரி வேண்டும். தேடியதில் ஆறாம் நம்பர் மோட்டாரின் கோடுதான் சுத்தமாக இருந்தது. சேட்டு என்பவருடைய உப்பளத்தில் நிற்கிற மோட்டார் அது. சரவணகுமார் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்திருக்கிறான். அதில் ஒரே ஒரு வரிதான் ஒட்டாமல் துருத்திக்கொண்டு இருந்தது. பகல் பன்னிரண்டு முதல் ஒன்று வரை இந்த மோட்டார் ஓடக் கூடாது. காரணம் எழுதவில்லை. வேறு எந்த மோட்டாருக்கும் அந்த நிறுத்தம் இல்லை.

டீமில் கேட்டாள். தெரியாது என்றார்கள். சரவணகுமாருக்கு மெசேஜ் போட்டாள். பார்த்தான், பதில் போடவில்லை. திமிரு என்று நினைத்துக்கொண்டு அந்த வரியை அழித்தாள். ஆறாம் நம்பரை அச்சாக்கினாள். திங்கட்கிழமை உப்பு டீமின் மோட்டார்கள் எல்லாம் அந்த அச்சுக்கு மாறின. புருஷோத்தமனுக்குத் தலைகால் புரியவில்லை. "வெளியாளுங்களும் எடுத்துக்கட்டும். நம்ம பேரு பரவட்டும்" என்று அதை ஊருக்கே பொதுவாக இன்டர்நெட்டில் போட்டுவிட்டார்.

புதன்கிழமை சேட்டு போன் செய்தார். ஜான்சி அன்று வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஆறாம் நம்பரு தண்ணிய இழுக்க மாட்டேங்குது. ஏதோ அடைச்சிருக்குது. கொஞ்சம் வந்து பாரு."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். உப்பள வேலை விடியற்காலையில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு அங்கே ஒரு ஜீவன் இருக்காது. எங்கே பார்த்தாலும் வெள்ளை, மேலே வெயில். காற்றுகூட நின்றுபோயிருந்தது. சத்தம் ஒன்றே ஒன்றுதான். ஆறாம் நம்பர் மோட்டார். களக்… களக்… களக்…

தொண்டையில் எதையோ வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் தவிக்கிற சத்தம்.

சேட்டு மோட்டாரை நிறுத்தாமலே, குழியில் இறங்கியிருந்த குழாயை மேலே தூக்கினார். அதன் வாயில் இருந்த சல்லடையில் கறுப்பாக ஏதோ அடைத்திருந்தது. பாசி என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள்.

முடி.

ஆள் முடி. கொத்துக் கொத்தாக, வழவழவென்று. ஒவ்வொரு இழையிலும் ஈரு ஒட்டின மாதிரி பொடிப் பொடியாக உப்பு. வாடை மூக்கில் ஏறியது. உப்பு வாடை இல்லை. பல நாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்காத தலையின் வாடை. அழுக்குத் தலையணை உறையின் வாடை.

"தூ! எவனோ சலூன் குப்பையக் கொட்டிட்டுப் போயிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே சேட்டு கையில் சுற்றி இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. வரப்பில் ஒரு குவியல் சேர்ந்தது. முனை மட்டும் வரவேயில்லை. சலூன் குப்பையில் இவ்வளவு நீள முடி ஏது? ஜான்சி தொட்டுப் பார்த்தாள். தொட்டிருக்கவே கூடாது. சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் தலையைத் தொட்டால் இருக்குமே… அந்தச் சூடு.

அப்போதுதான் அது நடந்தது.

குழியின் அடியிலிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.

ஒரே ஒரு இழுப்பு. சேட்டு முட்டி போட்டு விழுந்தார். இடுப்பில் இருந்த கத்தியை எடுத்து முடியை அறுத்தார். அறுந்த பாதி சரசரவென்று குழிக்குள் போய்விட்டது. "ஆமையாயிருக்கும்" என்றார். ஜான்சியும் தலையாட்டினாள். இருவருக்குமே தெரியும் அது ஆமை இல்லை என்று. ஆனால் வேறு என்னத்தைச் சொல்வது? வீட்டுக்கு வந்து கையை நாலு தடவை சோப்பு போட்டுக் கழுவினாள். வாடை போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தார்கள். ஜான்சி, புருஷன் சாலமன், ரெண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் தமிழ்நிலா. இறால் டீமில் வேலை செய்கிற அருள்மொழி ஒரு கவர் நிறைய இறால் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்க மாட்யூல வெள்ளிக்கிழமையே எங்க குட்டைக்குப் போட்டுட்டோம்க்கா. இது அங்க புடிச்சது. சாப்பிட்டுப் பாருங்க."

ஜான்சி சமையலறையில் உட்கார்ந்து இறால் உரித்தாள். ஓட்டை உரித்து, முதுகில் கீறி, கறுப்பு நரம்பை இழுத்துப் போடணும். தெரிந்த வேலைதான், கை பாட்டுக்குச் செய்யும். முதல் இறாலின் நரம்பை இழுத்தாள். விரல் நீளம் வந்தது. முழ நீளம் வந்தது. அறவேயில்லை. பிசுபிசுவென்று விரலில் சுற்றிக்கொண்டது.

"என்னா இது, இவ்ளோ நீளமா வருது?" என்றான் சாலமன்.

அடுத்த இறாலைக் கீறினாள். அதிலும் அதே. அதற்கடுத்ததிலும்… கட்டைவிரல் அளவு பூச்சிக்குள் எப்படி அடங்கியது அது? பாத்திரத்தில் குவிந்து கிடந்தது. ஈரமாக. கறுப்பாக. பொடிப் பொடியாக உப்போடு. சமையலறை முழுக்க அந்த எண்ணெய்த் தலை வாடை.

சாலமன் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். ஜான்சி இறாலைக் கவரோடு கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு, பாத்திரத்தில் கிடந்ததைப் போட்டோ எடுத்து சரவணகுமாருக்கு அனுப்பினாள். கீழே ஒரு வரி எழுதினாள். இது என்னன்னு உங்களுக்குத் தெரியும்தானே?

திங்கட்கிழமை காலையில் தமிழ்நிலாவுக்குத் தலை வாரிவிட்டாள். ரெட்டைப் பின்னல், பள்ளிக்கூடத்துப் பச்சை ரிப்பன். பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து ரிப்பனை உருவி விளையாடும். அதனால் ஜான்சி எப்போதும் ரெண்டு முடிச்சாகப் போட்டு, நுனியை உள்ளே செருகிவிடுவாள். வேறு யாருக்கும் அது போட வராது, அவிழ்க்கவும் வராது. பிள்ளையை முதலியார்சாவடி பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனாள்.

பன்னிரண்டாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது சரவணகுமார் போன் செய்தான்.

"ஆறாம் நம்பர்ல இருந்த நிறுத்தத்தை எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன். காரணம் எழுதலையே நீங்க."

"என்னான்னுங்க எழுதறது? மத்தியானம் மோட்டாரு ஓடினா முடி வருதுன்னா? லூசுன்னு சொல்ல மாட்டாங்களா? நிறுத்தி வெச்சேன், நின்னுடுச்சு. அதோட விட்டுட்டேன்." மூச்சு வாங்கினான். "ஜான்சி, அதைக் காப்பி மட்டும் பண்ணலியே?"

"அதைத்தாங்க அச்சாக்கியிருக்கேன்" என்றாள் ஜான்சி.

"நான் ஒரு தடவை ஆறைக் காப்பி பண்ணித்தான் ஏழு போட்டேன். ஏழுலயும் வந்துச்சுங்க… அதனாலதான் அப்புறம் ஒவ்வொன்னையும் வேற வேற மாதிரி எழுதினேன். ஒன்னு மாதிரி ஒன்னு இருக்கவே கூடாதுன்னு."

ஜான்சிக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. கம்ப்யூட்டர் திரையில் ஆபீஸ் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்து நின்றது. குடிநீர் டீம். காலையிலேயே எல்லா நிலையத்தையும் உங்க மாட்யூலுக்கு மாத்திட்டோம். யார்கிட்டயும் கேக்காம நாங்களே பண்ணிட்டோம், சூப்பர் ஜான்சி! கீழே கை தட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

குடிநீர் டீமின் முதல் நிலையமே தமிழ்நிலாவின் பள்ளிக்கூடம்தான்.

அச்சைத் திறந்தாள். அழித்த வரியைத் திரும்ப எழுதினாள். எல்லா மோட்டாருக்கும் சேர்த்து, பன்னிரண்டு முதல் ஒன்று வரை ஓடக் கூடாது. அனுப்பினாள். இன்னொருவர் பார்த்து சம்மதம் கொடுத்தால்தான் அது போகும். அப்படி ஒரு விதியை வைத்ததும் அவளேதான். சம்மதம் கொடுக்க வேண்டிய புருஷோத்தமன் கஸ்டமரோடு சாப்பிடப் போயிருந்தார். போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அடித்தாள். அதுவும் எடுக்கவில்லை.

"ஒப்புதல் குடுங்க சார், பசங்க குடிக்கற தண்ணி" என்று மெசேஜ் தட்டிவிட்டு ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை. பள்ளிக்கூடம் ரெண்டு தெரு தள்ளி. வெயிலில் தார் ரோடு காலைப் பொசுக்கியது. கேட்டைத் தாண்டும்போதே சாப்பாட்டு மணி அடித்தது.

டண்… டண்… டண்…

குழாய்களுக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். டம்ளரில் பிடித்தார்கள், குடித்தார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. கட்டடத்துக்குப் பின்னாலிருந்து மோட்டார் சத்தம் கேட்டது.

களக்… களக்… களக்…

"குடிக்காதீங்க! யாரும் குடிக்காதீங்க!"

டீச்சர் ஒருத்தி திரும்பி முறைத்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். வேப்பமரத்தடியில் தமிழ்நிலா நின்றுகொண்டிருந்தாள். கையில் பாட்டில். பாதி காலி.

"அம்மா… தொண்டைல என்னமோ இருக்குதும்மா."

ஜான்சி அவள் வாயைத் திறந்தாள். அடிநாக்கில், உள்நாக்கைத் தாண்டி… கறுப்பாக ஒரு இழை.

ரெண்டு விரலை விட்டு அதைப் பிடித்தாள். இழுத்தாள். வந்தது.

வந்தது… வந்தது… வந்துகொண்டே இருந்தது.

எச்சிலோடு. உப்போடு. அந்த வாடையோடு.

பிள்ளையின் கண் பிதுங்கியது. மூச்சு விட முடியவில்லை.

ஜான்சி இன்னும் வேகமாக இழுத்தாள்.

உள்ளேயிருந்து… திருப்பி இழுத்தது.

தமிழ்நிலாவின் தலை முன்னால் குனிந்தது. வயிறு உள்ளே ஒட்டியது. ஜான்சி முடியைக் கையில் சுற்றிக்கொண்டு இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். விடவில்லை. இந்தப் பக்கம் பெற்றவள். அந்தப் பக்கம் எது?

இடுப்பில் போன் சிணுங்கியது.

மோட்டார் நின்றது. குழாய்களில் தண்ணீர் நின்றது. கையில் இருந்த முடி சட்டென்று தளர்ந்தது. நடுவில் எங்கோ அறுந்து வெளியே வந்து விழுந்தது. தமிழ்நிலா ஓவென்று அழுதாள். அந்த அழுகைச் சத்தத்தைக் கேட்டு ஜான்சிக்கு உயிர் வந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். புருஷோத்தமன். ஒரே ஒரு சொல் அனுப்பியிருந்தார். ஓகே.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார்கள். அறுந்து உள்ளே போன மீதி எங்கே போனது? டாக்டருக்குத் தெரியவில்லை. ரெட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்து தொங்கியதை ஜான்சி கவனித்தாள். பச்சை ரிப்பன் ஒன்றைக் காணோம். உயிர் பிழைத்ததே பெரிசு, ரிப்பனை யார் தேடுவார்கள்?

சேட்டு ஆறாம் நம்பர் குழியை ஜேசிபி வைத்துத் தோண்டிப் பார்த்தார். எலும்பு இல்லை, துணி இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெறும் கறுப்புச் சேறு. அந்தப் பக்கத்தில் பெண் யாரும் காணாமல் போனதாகவும் பேச்சில்லை. அப்படி ஏதாவது கிடைத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். யார், ஏன், எதற்கு என்று இன்றைக்குவரை யாருக்கும் தெரியாது.

ஜான்சி மாட்யூலை முழுசாக அழித்தாள். மோட்டார் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, வேறு வேறு மாதிரி எழுதினாள். சரவணகுமார் எழுதியதைவிட அசிங்கமாக எழுதினாள். முடி வருவது நின்றது. ஆனாலும் பிள்ளையை அங்கே வைத்திருக்க மனசு வரவில்லை. செஞ்சிப் பக்கம் கிராமத்தில் இருக்கிற அக்கா சகாயமேரி வீட்டுக்கு அனுப்பினாள். அங்கே கடல் இல்லை, உப்பளம் இல்லை. கிணற்றுத் தண்ணீர்தான்.

ஒரு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை, புருஷோத்தமன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"நீ அழிச்சியே அந்த மாட்யூல், அதை வெளியாளுங்க நிறைய பேர் ஏற்கெனவே எடுத்துட்டுப் போயிருக்காங்க ஜான்சி. பெருமையா இருக்குது."

"எந்த மாட்யூல் சார்? நிறுத்தம் போட்டதா, போடாததா?"

"முதல்ல போட்டோமே, அதுதான்."

"யாரு சார் எடுத்தது?"

"அது எப்படித் தெரியும்? பொதுவுலதானே போட்டோம்."

போன் அடித்தது. சகாயமேரியின் நம்பர். பேசியது தமிழ்நிலா.

"அம்மா… பெரியம்மா புதுசா கேன் தண்ணி வாங்குறாங்கம்மா. இப்பதான் நம்ம தெருவுல கம்பெனி வெச்சிருக்காங்க. மோட்டாரெல்லாம் போன்லயே ஓடுதாம்."

ஜான்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம்.

"கண்ணு… குடிச்சியா?"

"ம்… பல்லுல முடி மாட்டிக்கிச்சும்மா. இழுத்தா வருது… வந்துக்கிட்டே இருக்குது…"

இந்த மோட்டாரை நிறுத்த ஜான்சியிடம் எதுவும் இல்லை. யாருடையது என்றே தெரியாது. "பெரியம்மாகிட்ட குடு! அக்கா, புடிச்சுக்கோ! விடாதே! ஒரு மணி வரைக்கும் விட்டுடாதே!" என்று போனில் கத்தினாள். ஏன் எதற்கு என்று கேட்காமல் சகாயமேரி பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் அது. உள்ளங்கை அறுபட்டு ரத்தம் வந்தும் விடவில்லை.

சரியாக ஒரு மணிக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டது.

பிள்ளை பிழைத்தது. ஜான்சி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள், தலையில் ரெண்டு பின்னலும் அப்படியே இருந்தன. சகாயமேரி கையில் கட்டோடு, ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினாள்.

"முனை வந்துச்சுடி" என்றாள்.

உப்பளத்தில் வராத முனை. பள்ளிக்கூடத்தில் வராத முனை. ஜான்சி கவரைத் திறந்தாள். அந்த வாடை இல்லை. தேங்காய் எண்ணெயும் ஷாம்புவும் கலந்த, தினமும் அவள் மோந்து பார்க்கிற வாடை.

நீளமான கறுப்புப் பின்னல். அதன் முனையில் பச்சை ரிப்பன்.

ரெண்டு முடிச்சு போட்டு, நுனியை உள்ளே செருகியிருந்தது.